கண்ணாடிப் பாசி செய்வது எப்படி: கம்பியில் சுற்றுவதிலிருந்து மாலையாகக் கோப்பது வரை

கன்னியாகுமரி கடற்கரைக் கடைத்தெருவில் சங்கும் சிப்பியும் விற்கும் ஒரு அக்காவிடம்தான் பாசிமணியைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நீலப் பாசிமாலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். "நிறத்தப் பாத்து என்ன செய்ய மக்ளே, இதுக்க வாயத் தொட்டுப் பாரு" என்றார். துளையின் விளிம்பில் நகத்தை வைத்து ஓட்டினேன். சுரீரென்று கீறியது. அப்புறம் வேறொரு மாலையை எடுத்துத் தந்தார். அதில் துளையைச் சுற்றி விளிம்பு தொப்புள் மாதிரி உள்வாங்கி, வழவழவென்று இருந்தது. முதல் மாலை ஆறு மாதத்தில் நூலை அறுத்துவிடும், இரண்டாவது பேத்தி காலம் வரை கிடக்கும் என்றார்.

பாசி செய்யக் கற்க ஆரம்பித்து பல வருடம் ஆகிவிட்டது. இன்றும் என் பாசியை நான் சோதிப்பது அந்த நகத்தால்தான். இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் ஒவ்வொரு படியும் கடைசியில் அந்த வாயில்தான் வந்து சேரும்.

நம் ஊரில் பாசி எங்கெல்லாம் இருக்கிறது

குழந்தை பிறந்து 28-ஆம் நாள் அரைஞாண் கட்டும்போது கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிக் கோத்த பாசியைக் கையிலும் கட்டுவோம், கண் படாமல் இருக்க. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம் என்பதால் இங்கே பல வீடுகளில் அதற்குக் கரிமணி என்றுதான் பெயர். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணத்தன்று கட்டுவது கருகமணி. அவர்கள் இறைவன் பெயரை எண்ணும் தஸ்பீஹில் 33 அல்லது 99 மணி. கத்தோலிக்க ஜெபமாலையில் 59 மணி: அருள் நிறைந்த மரியே ஜெபத்துக்கு 53, பரலோகத்தில் இருக்கிற பிதாவே ஜெபத்துக்கு 6. ஜபமாலை என்றால் 108-உம் மேரு மணி ஒன்றும். கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, சுசீந்திரம் தேர் என்று எங்கே போனாலும் பாசிக்கடை உண்டு. வடசேரியில் செய்யும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதன் அழகே சிவப்பும் பச்சையுமாகப் பதித்த கல்லில்தான், இன்று அவற்றில் பெரும்பகுதி உண்மையான மாணிக்கமோ மரகதமோ அல்ல.

இவ்வளவு பாசி புழங்கும் மாவட்டத்தில் கண்ணாடிப் பாசியைக் கையால் செய்பவர்கள் அபூர்வம். கடையில் தொங்கும் பாசிகளில் பெரும்பாலானவை வடக்கே ஃபிரோசாபாத், வாரணாசிப் பக்கமிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருபவை. தமிழ் மண்ணுக்கு இது புதிய தொழிலும் அல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே செய்யப்பட்ட வகைச் சின்னஞ்சிறு ஒற்றை நிறப் பாசிகள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை கிடைத்திருக்கின்றன. பீட்டர் பிரான்சிஸ் என்ற ஆய்வாளர் அவற்றுக்கு இந்தோ-பசிபிக் பாசி என்று பெயர் வைத்தார். பொருந்தல், கீழடி அகழாய்வுகளிலும் கண்ணாடிப் பாசி வந்திருக்கிறது.

இழுப்பதா, சுற்றுவதா

கண்ணாடிப் பாசியைக் கையால் செய்ய இரண்டு பெரிய வழிகள். அரிக்கமேட்டு வழி, இழுப்பது. உலையில் உருகிய கண்ணாடியை நடுவில் வெற்றிடம் விட்டு நீளக் குழாயாக இழுத்து, குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்கினால் வெட்டின முனை உருண்டுவிடும். சாம்பல் துளைக்குள் நிறைந்திருப்பதால் துளை அடைபடாது, பாசிகள் ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யாது. திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை வந்திருக்கிறது. ஆனால் அதற்குப் பெரிய உலை வேண்டும், கூட்டமாக ஆள் வேண்டும்.

வீட்டில் ஒருவர் செய்யக்கூடியது இரண்டாவது வழி, சுற்றுவது. களிமண் பூசிய கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி, தீயில் உருட்டி உருவம் கொடுப்பது. இனி நான் சொல்வதெல்லாம் இதைப் பற்றித்தான்.

இடமும் தீயும்

காற்று புகாத, ஆனால் மூச்சு முட்டாத இடம் வேண்டும். கேட்டால் முரண் மாதிரி இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை சுற்றுகிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்தால் தீ ஒரு பக்கம் சாயும், பாசியின் ஒரு பாதி குளிர்ந்து படீரென்று தெறிக்கும். ஜன்னலை உங்கள் முதுகுப் பக்கம் வையுங்கள், எதிர்ச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். புகை உங்கள் முகத்தைத் தாண்டிப் போகாமல் முன்னாலேயே வெளியேற வேண்டும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுக் கண்ணாடிகள் பலவற்றில் காட்மியம் இருக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் புகை நல்லதல்ல.

மேசை மேல் இரும்புத் தகடோ கடப்பாக் கல்லோ போடுங்கள். பிளைவுட் மேல் நேரடியாக வேண்டாம், தெறிக்கும் துண்டு பொசுக்கிவிடும்.

தீக்கு எல்பிஜி போதும். ஆரம்பத்தில் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் ஒற்றை கேஸ் டார்ச்சில் பழகலாம். வேகம் குறைவு, ஆனால் கை பழகும். அப்புறம் ஆக்ஸிஜனும் சேரும் சிறிய டார்ச்சுக்குப் போகலாம். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் அதற்கு ஈடுகொடுக்கும், ஆக்ஸிஜன் சிலிண்டர் தேவையில்லை. எல்பிஜி சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள், முடிந்தால் அறைக்கு வெளியே. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ரெகுலேட்டர் இணைப்பில் தினமும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். டார்ச் பக்கம் தீ திரும்பாமல் தடுக்கும் வால்வு கட்டாயம். விற்பனைக்குச் செய்யத் தொடங்கினால் சமையல் சிலிண்டரைப் பயன்படுத்தக்கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

கண்ணுக்கு டிடிமியம் கண்ணாடி. சூடான கண்ணாடியில் உள்ள சோடியம் மஞ்சளாக ஜொலிக்கும், வெறும் கண்ணால் பார்த்தால் அந்த ஜொலிப்புக்குள் பாசியே தெரியாது. டிடிமியம் அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டிவிடும். முதன்முதலாக அதைப் போட்டுப் பார்த்தபோது திரையை விலக்கின மாதிரி இருந்தது எனக்கு.

பருத்தி உடை, கட்டின முடி, மூடின செருப்பு. நைலான் சேலையோ பாலியஸ்டர் துப்பட்டாவோ அந்த மேசைப் பக்கமே வேண்டாம். சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பேஸ்ட், மாவு, மை எதுவும் தடவ வேண்டாம்.

எந்தக் கண்ணாடி

கண்ணாடி எல்லாம் ஒன்றல்ல. சூட்டில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விரியும், ஆறும்போது அதே அளவில் சுருங்கும். அதற்கு ஒரு எண் உண்டு. இத்தாலியின் முரானோவில் செய்கிற, பாசிக்காரர்கள் பெரும்பாலும் வாங்குகிற மென்கண்ணாடிக் குச்சி 104. ஆய்வகக் குடுவை செய்யும் போரோசிலிக்கேட் 33. ஜன்னல், பாட்டில் கண்ணாடிகள் இடையில் எங்கேயோ, பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஒரே பாசியில் வெவ்வேறு எண் கண்ணாடிகளைச் சேர்த்தால், ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்க, மற்றது விட்டுக்கொடுக்காது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஜெபமாலை செய்து கொடுக்க ஆசைப்பட்டு, பச்சைப் பாட்டிலை உடைத்துப் பாசி சுற்றி, மேலே வாங்கின வெள்ளைக் குச்சியால் புள்ளி வைத்தேன். அவ்வளவு அழகாக வந்தது. மூன்றாம் நாள் காலையில் அவர் ஒரு கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்தார். 11 பாசி புள்ளியைச் சுற்றி வட்டமாக விரிந்திருந்தது. "கீழே போடவேயில்ல மக்கா" என்று அவர் வருத்தத்தோடு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பாட்டில் கண்ணாடியில் தாராளமாகச் செய்யலாம். ஒரு பாசி முழுக்க அதே பாட்டிலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உடைந்த வளையலுக்கும் இதே கணக்கு.

நம் கடற்கரை மணலை உருக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடிக்கு வேண்டியது சுத்தமான சிலிக்கா மணல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலும் சிவப்பு மணலும் இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள். இரும்பும் டைட்டானியமும் நிறைந்தவை. அதோடு கலந்திருக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிரியக்கப் பொருள். அந்த மணலை வீட்டு உலைக்குக் கொண்டுவராதீர்கள்.

கம்பியும் களிமண்ணும்

கம்பிக்கு வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிக் ராடு, 1.6 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கம்பியை நாலாக வெட்டினால் ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர், பிடிக்கச் சரியான நீளம். சாதா இரும்புக் கம்பி நம் உப்புக்காற்றில் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும், துருவின் மேல் களிமண் நிற்காது. வெட்டின முனையை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் கம்பியை லேசாகச் சொரசொரப்பாக்குங்கள்.

சூடான கண்ணாடி உலோகத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் களிமண் பூச்சு. சைனா கிளே ஒரு பங்கு, அலுமினா ஹைட்ரேட் ஒரு பங்கு, தண்ணீர் விட்டுத் தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாகக் கரைக்க வேண்டும். கம்பியை 6 சென்டிமீட்டர் ஆழம் முக்கி, நேராக, ஒரே சீராக மேலே இழுங்கள். கட்டி தட்டினால் துடைத்துவிட்டு மறுபடி முக்குங்கள். பூச்சு மேடுபள்ளமாக இருந்தால் துளையும் அப்படித்தான் வரும். மணல் நிறைத்த டப்பாவில் குத்திக் காயவையுங்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்கக் காய விடுங்கள். ஈரம் இருந்தால் தீயில் காட்டியதும் ஆவியாகிப் பூச்சு உரியும். கையில் படும் தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள், மூக்குக்குள் போகக்கூடாது.

சுற்றுவது

வலது கையில் கண்ணாடிக் குச்சி, இடது கையில் கம்பி. குச்சியின் நுனியைத் தீயின் வெளி முனையில் உள்ளே, வெளியே என்று சில தரம் காட்டிவிட்டு மெதுவாக உள்ளே கொண்டுவாருங்கள். சட்டென்று நுழைத்தால் குச்சி வெடித்துத் துண்டு பறக்கும். நுனி உருகி ஒரு பட்டாணி அளவு உருண்டையாகி, தேன் மாதிரித் தொய்யத் தொடங்கும்போது கம்பியையும் தீயில் காட்டுங்கள். களிமண் மங்கிய செம்மஞ்சளாகக் கனல வேண்டும். கம்பி குளிர்ந்திருந்தால் கண்ணாடி பூச்சைப் பிடிக்காது, பாசி கழன்று சுற்றும்.

இப்போது உருண்டையைக் கம்பியில் தொட்டு, கம்பியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழற்றுங்கள். குச்சியை அசைக்காதீர்கள், சுற்றுவது கம்பிதான். ஒரு முழுச் சுற்று முடிந்து கண்ணாடி கண்ணாடியோடு சேர்ந்ததும் குச்சியை லேசாக விலக்கி, இடையில் இருக்கும் இழையைத் தீயால் அறுங்கள்.

அடுத்து வருவதுதான் முழுப் பாடமும். கம்பியைக் கிடைமட்டமாகப் பிடித்து நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருங்கள். உருகின கண்ணாடிக்குத் தானே உருண்டையாகிவிடும் இயல்பு உண்டு, பரப்பு இழுவிசை அந்த வேலையைச் செய்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது சூடு எல்லாப் பக்கமும் ஒன்றாகப் போகப் பார்ப்பது. நிறுத்தினால் தொங்கும். வேகமாகச் சுழற்றினால் ஒரு பக்கம் வீசும். ரசம் கலக்கும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த வாய்க்கு வருவோம். பாசியின் இரு ஓரமும் உள்வாங்கி அமைய வேண்டுமென்றால், கம்பியில் முதலில் சுற்றும் அடித்தடத்தின் அகலம் சரியாக இருக்க வேண்டும். அடித்தடம் குறுகியும் மேலே ஏற்றும் கண்ணாடி போதுமானதாகவும் இருந்தால், கண்ணாடி உருண்டு திரளும்போது ஓரங்கள் தாமாக உள்ளே மடங்கும். அகலமான தடத்தில் கொஞ்சமாகக் கண்ணாடி போட்டால் ஓரம் கம்பியோடு மெல்லிசாகப் படர்ந்து கூர்மையாக நிற்கும். நூலை அறுப்பது அந்தக் கூர்தான். அப்படி வந்தால் பதற வேண்டாம், நடுவில் இன்னொரு சுற்றுக் கண்ணாடி ஏற்றி மறுபடி உருக விடுங்கள், ஓரம் இழுபட்டு உள்ளே வந்துவிடும்.

எல்லாப் பாசியும் ஒரே அளவில் வேண்டுமென்றால் கண்ணை நம்பாமல் ஸ்கேலை நம்புங்கள். 6 மில்லிமீட்டர் குச்சியில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீளம் உருகினால் 8 மில்லிமீட்டர் பாசி வரும். அப்படி ஒரு பாசி முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு ஜெபமாலைக்கு 59 பாசியும் சேர்ந்து 40 கிராம் பக்கம். எனக்குத் தொடக்கத்தில் ஒரு பாசிக்கு 10 நிமிடம் ஆனது, இப்போது அதில் பாதி.

அலங்காரம்

முதல் 100 பாசியை அலங்காரம் இல்லாமல் செய்யுங்கள் என்பது என் அபிப்பிராயம். அப்புறம் புள்ளிக்குப் போகலாம். குச்சியை உருக்கி இடுக்கியால் இழுத்தால் 1 மில்லிமீட்டர் தடிமனில் கண்ணாடி நூல் கிடைக்கும். பாசி கெட்டியாகவும் நூல் நுனி இளகியும் இருக்கும்போது தொட்டு எடுத்தால் புள்ளி. தந்த நிறத்தின் மேல் மயில்நீலப் புள்ளி வைத்துப் பாருங்கள். தந்த நிறத்தில் உள்ள கந்தகமும் மயில்நீலத்தில் உள்ள தாமிரமும் சேர்ந்து புள்ளியைச் சுற்றி மை இட்ட மாதிரிக் கறுப்புக் கோடு தானாக வரும். அதே மயில்நீலத்தை ஆக்ஸிஜன் குறைந்த தீயில் காட்டினால் மேலே செம்பு நிறப் படலம் படியும். வேண்டாதபோது அது எரிச்சல், வேண்டி வரவழைத்தால் அழகு.

ஆறவைப்பது

பாசி உடைவது பெரும்பாலும் தீயில் அல்ல, ஆறும்போது. வெளிப்புறம் முதலில் குளிர்ந்து இறுகும், உள்ளே இன்னும் சூடு இருக்கும். அப்புறம் உள்ளே சுருங்கப் பார்க்கும்போது வெளிப்புறம் விடாது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், ஒரு நாள் ஏசி அறையிலிருந்து வெயிலுக்குப் போனாலே விரியும்.

இதற்கு ஒரே தீர்வு சிறிய மின் உலை. 104 கண்ணாடிக்கு 515 டிகிரி செல்சியஸில் உலையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாசியும் முடிந்ததும் கம்பியோடு உள்ளே வையுங்கள். தீயிலிருந்து எடுத்து உடனே வைக்காதீர்கள். கனல் நிறம் மறையும் வரை வெளியே உருட்டிவிட்டு, மறுபடி தீயின் நுனியில் ஒரு வீச்சு காட்டிவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துப் பாசியோடு ஒட்டிக்கொள்ளும். கடைசிப் பாசி வைத்த பிறகு 45 நிமிடம் அதே சூட்டில் நிறுத்தி, மணிக்கு 60 டிகிரி வீதம் 370 வரை இறக்கி, அப்புறம் அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் தூங்கப் போங்கள். நடுவில் கரண்ட் போனால் கதவைத் தொடவே வேண்டாம். வந்ததும் மறுபடி மெதுவாக 515-க்கு ஏற்றி முதலிலிருந்து இறக்குங்கள்.

உலை வாங்க முடியாதவர்கள் உமிச்சாம்பலையோ வெர்மிகுலைட் என்ற சூடு தாங்கும் லேசான கனிமத் துகளையோ இரும்புச் சட்டியில் சூடாக்கி, அதற்குள் பாசியைப் புதைத்து ஆறவைக்கலாம். 10 மில்லிமீட்டருக்குக் கீழான பாசி பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனால் உள்ளே தங்கிய இழுபறி முழுதாகப் போவதில்லை. நீங்கள் பழகிப் பார்க்க அது போதும். இன்னொருவர் கழுத்துக்கோ கைக்கோ போகிற பாசி உலையில்தான் ஆற வேண்டும்.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. கம்ப்யூட்டர் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கிளாஸைத் திருப்பத் திருப்பத் திரை ஓரிடத்தில் கறுத்துவிடும். அப்போது ஒளி புகும் பாசியைத் திரை முன்னால் பிடித்தால், இழுபறி இருக்குமிடம் வெளுப்பாகவோ வண்ணமாகவோ மின்னும். நன்றாக ஆறிய பாசி இருட்டாகவே நிற்கும்.

கழற்றுவதும் பார்ப்பதும்

கம்பியோடு தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப் போடுங்கள். கம்பியை இடுக்கியில் பிடித்துப் பாசியைத் துணியோடு முறுக்கினால் கழன்றுவரும். துளைக்குள் இருக்கும் களிமண்ணை வைரத்தூள் பூசிய ஊசி அரத்தால், தண்ணீருக்கு உள்ளேயே வைத்துச் சுரண்டுங்கள். உலர்வாகச் செய்தால் தூள் நுரையீரலுக்குப் போகும். உள்ளே வெள்ளை மிச்சமிருந்தால் ஒளி புகும் பாசி அழுக்காகத் தெரியும்.

அப்புறம் நகச் சோதனை, இரண்டு வாயிலும். கீறினால் அந்தப் பாசியைத் தனி டப்பாவில் போடுங்கள். என்னிடம் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அப்படிப்பட்டவை இருக்கின்றன.

கடையில் ஸ்படிகம் என்று தருவது கண்ணாடியா என்று தெரிய, லென்ஸ் வைத்து உள்ளே பாருங்கள். உருண்டையான காற்றுக்குமிழி இருந்தால் கண்ணாடி. ஸ்படிகம் கண்ணாடியைக் கீறும், கண்ணாடி ஸ்படிகத்தைக் கீறாது. நாம் செய்வது கண்ணாடி, கண்ணாடி என்று சொல்லியே விற்போம்.

கோப்பது

கரிமணிக்குப் பருத்தி நூலைவிட இரட்டைப் பட்டுநூல் நல்லது. குழந்தைக்குக் கட்டுவதானால் ஒவ்வொரு பாசிக்கும் இடையில் முடிச்சுப் போடுங்கள், அறுந்தாலும் ஒன்றுக்கு மேல் உதிராது. அந்த ஒன்றும் தொண்டையில் சிக்கலாம் என்பதால், சடங்கு முடிந்ததும் கழற்றிப் பத்திரப்படுத்தச் சொல்லித்தான் நான் கொடுப்பேன். கழுத்து மாலைக்கு கியர் ஒயர், அதாவது பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய எஃகுக் கம்பி, போதும். ஜெபமாலைக்குக் கம்பிக் கண்ணி வைத்துக் கோப்பவர்கள் உண்டு, எனக்கு முடிச்சு போட்ட நூல்தான் பிடிக்கும். ஜெபிக்கும்போது விரல் ஒரு மணியிலிருந்து அடுத்ததற்குப் போக அந்த இடைவெளி வேண்டும். தஸ்பீஹில் முடிச்சு வேண்டாம், மணி நூலில் நகர வேண்டும். அதனால் 33 மணிக்குப் பிறகு இரண்டு மணி அகலத்துக்கு நூலை வெறுமையாக விடுங்கள்.

கோத்து முடித்ததும் கடைசி முடிச்சை இறுக்கிவிடாதீர்கள். தற்காலிகமாக ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு ராத்திரி ஆணியில் தொங்கவிடுங்கள். பாசியின் எடைக்கு நூல் கொஞ்சம் நீளும். காலையில் அந்தத் தளர்வை இழுத்து, அப்புறம் முடிச்சை இறுக்கி, ஒரு சொட்டுப் பசை வைத்து, நுனியைப் பக்கத்துப் பாசியின் துளைக்குள் மறைத்துவிடுங்கள்.